லேத்துக்கு முன்னால் காலிப்பர்: மாணவர்களுக்கு அளவெடுக்கக் கற்றுத்தரும் முறை

லேத், மில்லிங், சிஎன்சி என எந்த இயந்திரத்தின் முன் மாணவரை நிறுத்தினாலும், வேலை சரியா தப்பா என்று சொல்வது கையில் இருக்கும் அளவுகருவிதான். ஒரே துண்டை மூன்று முறை அளந்து மூன்று அளவு சொல்பவருக்கு இயந்திரம் ஓட்டக் கற்றுத்தந்து பயனில்லை. எனவே தொழிற்பயிற்சியின் முதல் இரண்டு வாரத்தை அளவெடுப்பதற்கென்றே ஒதுக்குங்கள்.

இருவருக்கு ஒன்றாக 150 மி.மீ. வெர்னியர் காலிப்பர் (மீச்சிற்றளவு, அதாவது காட்டக்கூடிய மிகச்சிறிய அளவு, 0.02 மி.மீ.), நால்வருக்கு ஒன்றாக 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர், நூல் உதிராத துணி, பத்துப் பன்னிரண்டு புதிய 608 பேரிங்குகள் (608 என்பது பேரிங்கின் அளவு எண்). இவ்வளவு இருந்தால் தொடங்கலாம். 608 பேரிங்கின் வெளிவிட்டம் 22 மி.மீ., துளை 8 மி.மீ., அகலம் 7 மி.மீ. சாதாரணத் தரத்திலேயே வெளிவிட்டம் 22-இலிருந்து 0.009 மி.மீ.க்கு மேல் குறையக்கூடாது என்பது விதி. கேஜ் பிளாக் (துல்லிய அளவுக் கட்டை) இல்லாத இடத்தில் மாணவரின் கையைச் சோதிக்க இது தாராளமாகப் போதும்.

டிஜிட்டல் காலிப்பரை ஆரம்பத்தில் கொடுக்கவே வேண்டாம். திரை 0.01 வரை காட்டினாலும் அதன் துல்லியம் பெரும்பாலும் ±0.02 மி.மீ. அளவில்தான் இருக்கும். கடைசி இலக்கத்தை மாணவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவார்.

முதல் நாளே சென்டிமீட்டரை மறக்கச் சொல்லுங்கள். பட்டறை வரைபடத்தில் 22 என்றிருந்தால் அது மில்லிமீட்டர்தான். ஆய்வகத்தில் பழகிய காலிப்பரின் நகரும் வெர்னியர் கோலில் 9 மி.மீ. நீளம் 10 பிரிவாக இருக்கும். பட்டறைக் காலிப்பரில் 49 மி.மீ. நீளம் 50 பிரிவாக இருக்கும். பழைய பழக்கத்தில், முதன்மைக் கோலின் கோட்டோடு ஒன்றிணையும் வெர்னியர் கோட்டின் எண்ணை 0.1-ஆல் பெருக்குபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். முதன்மைக் கோலில் 24 தாண்டியிருக்கிறது, வெர்னியரில் 18-ஆவது கோடு ஒன்றிணைகிறது என்றால் 18 × 0.02 = 0.36, அளவு 24.36 மி.மீ. கோட்டை நேர் எதிரே நின்று பார்க்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் பக்கத்துக் கோடு ஒன்றிணைவது போலத் தெரியும்.

ஒவ்வொரு முறையும் தாடைகளைத் துடைத்து, மூடி, சுழிப்பிழை (மூடியிருக்கும்போது சுழியிலிருந்து விலகிக் காட்டும் அளவு) பார்த்த பிறகே அளக்க வேண்டும். மூடிய நிலையில் +0.04 காட்டினால் 12.36 என்பது உண்மையில் 12.32. மூடிய தாடைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டுங்கள். இடையே ஒளிக்கீற்று தெரிந்தால் தாடை தேய்ந்திருக்கிறது, அல்லது உலோகத்தூள் ஒட்டியிருக்கிறது. துண்டின் ஓரத்துப் பிசிறையும் முதலில் அரத்தால் எடுத்துவிட வேண்டும்.

பிடிக்கும் விதத்தில்தான் அதிகப் பிழை வருகிறது. துண்டைத் தாடையின் நுனியில் வைத்து இறுக்கினால் நகரும் தாடை சற்றுச் சாய்ந்து, அளவு குறைந்து காட்டும். அளவுகோலுக்கு எவ்வளவு பக்கத்தில் துண்டு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இதைக் கண்ணால் பார்க்க வைக்கலாம்: பேரிங்கின் அகலத்தை நுனியில் ஒருமுறை, உள்ளே தள்ளி ஒருமுறை, கொஞ்சம் அழுத்தியே அளக்கச் சொல்லுங்கள். அடுத்து 8 மி.மீ. துளையை உள்தாடையால் அளக்கட்டும். பலருக்கும் 8-ஐ விடக் குறைவாகவே வரும். உள்தாடையின் விளிம்பு கத்திமுனை போல இருப்பதில்லை, சிறு தட்டையான பகுதி உண்டு. சிறிய துளையின் வளைவில் அது முழுமையாகப் பதியாது. துளை சிறிதாகச் சிறிதாக இந்தப் பிழை வளரும் என்பதை வட்டத்தின் வடிவியலை வைத்தே கணக்கிடச் சொல்லலாம். கணிதப் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைப்பது அரிது.

மைக்ரோமீட்டரில் புரியிடைத் தூரம் (திருகு ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 0.5 மி.மீ., தலைக்கோலில் (சுழலும் உருளையில்) 50 பிரிவு, ஆக மீச்சிற்றளவு 0.01. இங்கே எல்லோரும் விழும் குழி அரை மில்லிமீட்டர் கோடு. 7-க்குப் பிறகு அரைக்கோடு தாண்டியிருந்து தலைக்கோல் 28 காட்டினால் அளவு 7.78, அரைக்கோட்டைக் கவனிக்காதவர் 7.28 என்று எழுதுவார். மைக்ரோமீட்டரை எடுக்குமுன் காலிப்பரால் ஒருமுறை அளந்துகொண்டால் இந்தப் பிழை உடனே பிடிபடும். இறுக்குவது ராட்செட்டால் (அழுத்தம் மிகாமல் நழுவும் முனைத் திருகு) மட்டுமே, இரண்டு மூன்று ‘டிக்’ சத்தம் போதும்.

இனி முக்கியமான பயிற்சி. ஐந்து துண்டுகளுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றையும் ஐந்து முறை, வரிசையைக் கலைத்து அளக்க வையுங்கள். ஒருவர் அளந்து சொல்ல, இன்னொருவர் மறைவாகக் குறிக்கட்டும். முந்தைய அளவு கண்ணில் பட்டால் கை தானாக அதே எண்ணைத் தேடும், பயிற்சியே வீண். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காலிப்பரில் 0.04-க்குள், மைக்ரோமீட்டரில் 0.01-க்குள் வரும்வரை தொடரட்டும். வித்தியாசம் சிறிதாக இருந்தும் பேரிங்கில் 22.06 என்றே திரும்பத் திரும்ப வந்தால், சுழிப்பிழையைக் கழிக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்து டாலரன்ஸ், அதாவது அளவு விலக அனுமதிக்கப்படும் எல்லை. 20 ± 0.2 என்ற துண்டுக்குக் காலிப்பர் போதும். 20 g6 (g6 என்பது டாலரன்ஸைக் குறிக்கும் குறியீடு) என்ற தண்டு 19.980-க்கும் 19.993-க்கும் இடையே இருக்க வேண்டும்; மொத்த இடைவெளியே 0.013 மி.மீ. இதைக் காலிப்பரால் அளந்து ‘பாஸ்’ போடுவது தவறு, 0.01 மைக்ரோமீட்டரும் போதாது. டாலரன்ஸ் இடைவெளியில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்துக் காட்டும் கருவி வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. அதன்படி இங்கே 0.001 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டர்தான் சரி. வரைபடங்களை மட்டும் கொடுத்து, எந்தக் கருவி என்று மாணவரையே காரணத்தோடு எழுத வையுங்கள்.

வெப்பத்தையும் விடக்கூடாது. நீள அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20° செ. 100 மி.மீ. அலுமினியத் துண்டு 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.023 மி.மீ. நீளும், எஃகு அதில் பாதி. கடைந்த துண்டை ஆறவைத்து அளக்க வேண்டும். சுழலும் துண்டின் மேல் காலிப்பரை வைக்க ஒருவரையும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்: தாடை தேய்வது ஒருபுறம், கை சிக்கினால் விரல் போய்விடும்.

வேலை முடிந்ததும் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, மைக்ரோமீட்டரின் முகங்களுக்கிடையே சிறு இடைவெளி விட்டுப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.