சீரிஸையும் புத்தகத்தையும் ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

"புத்தகத்துல இருக்கறதுல பாதி சீரிஸ்ல இல்லீங்ணா" என்று ஒருவர் ஆரம்பித்தால், அடுத்த அரை மணி நேரம் என்ன நடக்கும் என்று கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வாயனசாலைகளில் (நூலகங்களில்) உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பொள்ளாச்சியில் படிக்கும் பையன் தமிழில் பட்டியல் போடுவான், பாலக்காட்டில் படிக்கும் பெண் மலையாளத்தில் அதை மறுப்பாள், பேப்பர் படிக்க வந்த ரிட்டயர்டு மாஷ் (வாத்தியார்) எரிச்சலோடு கண்ணாடியைக் கழற்றுவார். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரிஸில் லேடி ஸ்டோன்ஹார்ட் வரவில்லை, யங் கிரிஃப் வரவில்லை, அரியான் மார்ட்டெல் வரவில்லை. சரி, வரவில்லை. அதனால் என்ன ஆயிற்று என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரிஸை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல்களோடு ஒப்பிடும்போது பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு இந்தப் பட்டியல்தான். நூற்றுக்கணக்கான பாத்திரங்கள் உள்ள நாவலிலிருந்து பத்து எபிசோட் எடுத்தால் வெட்டத்தான் வேண்டும். எதை வெட்டினார்கள் என்பதை எண்ணிக்கொண்டிருப்பதில் லாபமில்லை. ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு அதன் காரணத்தை மட்டும் எங்கே வெட்டினார்கள் என்று தேடுங்கள். இரண்டும் பிரிந்து போகிற இடம் அதுதான். இனி வருவதில் கதை முடிச்சுகள் எல்லாம் அவிழும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

டிரியன் தன் அப்பா டைவினைக் கொல்லும் காட்சியை எடுத்துக்கொள்வோம். 2014-இல் வந்த நான்காம் சீசனின் கடைசி எபிசோடில் அண்ணன் ஜேமி சிறையிலிருந்து தம்பியை விடுவிக்கிறான். கட்டிப்பிடித்து விடை கொடுக்கிறான். டிரியன் தப்பிக்கும் வழியில் போகாமல் அப்பாவின் அறைக்கு ஏறுகிறான். படுக்கையில் தன் காதலி ஷே. அவளைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைக் குறுக்குவில்லால் அடிக்கிறான்.

2000-இல் வந்த மூன்றாம் நாவல் 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்'-இலும் சிறை, ஷே, கழிப்பறை, குறுக்குவில் எல்லாம் உண்டு. நடுவில் ஒரே ஒரு பேச்சு கூடுதலாக இருக்கிறது. பிரியும் முன் ஜேமி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறான்: டிரியன் சின்ன வயதில் மணந்த டைஷா காசுக்கு வந்தவள் இல்லை, நிஜமாகவே அவனை விரும்பிய பெண், அப்பா சொன்னதால்தான் அன்று பொய் சொன்னேன். அந்த நிமிடத்தில் அண்ணன்-தம்பி பாசம் முறிகிறது. டிரியன் அவனை அடிக்கிறான். அரசன் ஜாஃப்ரியைக் கொன்றது நான்தான் என்று பழிக்குப் பழியாக ஒரு பொய்யையும் சொல்லிவிட்டுப் போகிறான். அப்பாவிடம் அவன் கேட்கப் போவது டைஷா எங்கே என்றுதான். கிடைக்கும் பதில் அவளை இழிவுபடுத்தும் ஒரு வாக்கியம். அம்பு அதற்குத்தான் பாய்கிறது.

இத்தனைக்கும் டைஷா கதையை சீரிஸ் மறந்துவிடவும் இல்லை. முதல் சீசனின் ஒன்பதாம் எபிசோடில், போருக்கு முந்தைய இரவு கூடாரத்தில் கூலிவீரன் பிரானிடமும் ஷேயிடமும் டிரியனே அதைச் சொல்கிறான். விதையை ஊன்றிவிட்டு அறுக்காமல் விட்டார்கள். 'டைஷாவைக் காணோம்' என்று புலம்புவதோடு நிறுத்தினால் ஒப்பீடு அங்கேயே செத்துப்போகும். பின்னால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஐந்தாம் நாவலில் வரும் டிரியன் கசந்துபோனவன், அண்ணன் அக்கா மீது வஞ்சம் வைத்திருப்பவன், அப்பா சொன்ன அந்த வாக்கியத்தையே திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருப்பவன். சீரிஸில் அதே கட்டத்தில் வருபவன் சோர்ந்தாலும் நல்லவன், நாலு பேருக்கு யோசனை சொல்பவன். எட்டாம் சீசனில் அவன் கைதியான ஜேமியை அவிழ்த்துவிட்டு அழுதபடி கட்டிப்பிடிக்கும் காட்சி பலருக்குப் பிடித்த ஒன்று. நாவலில் இருந்த அந்தப் பேச்சு சீரிஸிலும் நடந்திருந்தால் இந்தக் காட்சி வந்திருக்கவே முடியாது. ஒன்றை விட்டதால் ஒன்று கிடைத்தது. லாபமா நஷ்டமா என்று அதன் பிறகு சண்டை போடலாம். எனக்கு நஷ்டம்தான்.

மாற்றுவதே குற்றம் என்று நினைப்பது இரண்டாவது தவறு. இதை நம்ம ஊர்க்காரர்கள் செய்வதுதான் எனக்கு வேடிக்கை. பாலக்காடு மாவட்டத்து பத்ரகாளி கோயில்களில் கூத்துமாடத்தில் திரை கட்டி, இருபத்தொரு விளக்கேற்றித் தோல்பாவைக்கூத்து நடத்துகிறார்களே, அதில் பாடுவது கம்பன் பாட்டு. புலவர்மார் ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டு தமிழும் மலையாளமுமாக நெடுநேரம் வியாக்கியானம் செய்வார்கள். வால்மீகியிலிருந்து கம்பன், கம்பனிலிருந்து பாவை: தழுவலின் தழுவலைப் பார்த்து வளர்ந்த மண் இது. வால்மீகியில் இராவணன் சீதையைக் கூந்தலைப் பற்றித் தூக்குகிறான். கம்பனில் தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். பெரிய மாற்றம். ஆனால் கம்பன் அதை அந்தப் படலத்தோடு மறந்துவிடவில்லை. சுந்தர காண்டத்தின் கடைசியில் அனுமன் திரும்பி வந்து இராமனிடம் சொல்லும்போது, உன் தம்பி புல்லால் கட்டிய அதே சாலையில்தான் இருக்கிறாள் என்கிறான். குடிசை இலங்கை வரைக்கும் போயிருக்கிறது, பல படலங்களுக்குப் பிறகும் அங்கேயே நிற்கிறது. மாற்றியவர் அதன் விளைவைக் கடைசி வரைக்கும் சுமந்தாரா என்பதைத்தான் எந்தத் தழுவலிடமும் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியோடு ஐந்தாம் சீசனுக்குப் போங்கள். நாவலில் கொடூரனான ராம்சி போல்டனுக்குக் கட்டிவைக்கப்படுவது ஜெய்ன் பூல் என்ற பெண். ஸ்டார்க் வீட்டுப் பெண் ஆர்யா என்று பொய் சொல்லிக் கட்டிவைக்கிறார்கள். அப்போது ஆர்யாவின் அக்கா சான்சா வேல் பகுதியில் லிட்டில்ஃபிங்கரின் பிடியில் பத்திரமாக இருக்கிறாள். சீரிஸில் ஜெய்னின் இடத்தில் சான்சாவையே வைத்துவிட்டார்கள். தெரியாத பெண்ணைவிட தெரிந்த பெண்ணுக்காகப் பார்ப்பவர் அதிகம் பதறுவார், காரணம் புரிகிறது. ஆனால் எதையும் கணக்குப் பார்த்தே செய்யும் லிட்டில்ஃபிங்கர், கையிலிருக்கும் துருப்புச்சீட்டை யாரென்று விசாரிக்காமல் ராம்சியிடம் கொடுப்பானா? சம்பவம் மாறியது, அதைச் செய்த ஆளின் குணம் அதற்கு ஏற்ப மாறவில்லை.

சான்சாவின் அண்ணன் ராப் ஸ்டார்க் கல்யாணம் இதற்கு நேர் எதிர். நாவலில் காயம்பட்டுக் கிடக்கும் ராப், தம்பிகள் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த துக்கத்தில் ஜெய்ன் வெஸ்டர்லிங்கோடு ஓர் இரவு இருந்துவிடுகிறான்; அவள் மானம் போகக்கூடாது என்று மறுநாள் மணக்கிறான். அப்பன் பிள்ளை. சீரிஸில் டலீசாவைக் காதலித்து மணக்கிறான். வேறொரு பெண்ணை மணப்பதாகக் கொடுத்த வாக்குத் தவறியது இரண்டிலும் ஒன்றுதான், தவறிய காரணம் வேறு. அதற்குப் பழியாக ராப்பும் அவன் ஆட்களும் விருந்தில் கொல்லப்படும் ரத்தக் கல்யாணத்துக்கே நாவலில் ஜெய்ன் போகவில்லை. சீரிஸில் டலீசா கர்ப்பிணியாக அங்கே இருக்கிறாள், வயிற்றில் குத்துப்படுகிறாள். காதலாக மாற்றியதற்கு உண்டான விலையை அந்தக் காட்சியில் முழுசாக வாங்கிக்கொண்டார்கள். நாவல்தான் பிடிக்கும் என்றாலும் இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மூன்றாவதாக, நாவல் யார் கண்ணால் சொல்லப்படுகிறது என்பதை மறந்துவிடுவது. மார்ட்டின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒருவர் பார்வையில் எழுதுகிறார்; அத்தியாயத் தலைப்பே பெரும்பாலும் அந்த ஆள் பெயர்தான். ராப்புக்கு ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. அதனால் மேலே சொன்ன கல்யாணம் நடக்கும்போது நாம் அங்கே இல்லை. அவன் மனைவியோடு வந்து அம்மா கேட்லின் முன்னால் நிற்கும்போதுதான் நமக்கும் தெரியும். கேமராவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முதல் சீசனின் ஐந்தாம் எபிசோடில் அரசன் ராபர்ட்டும் ராணி செர்சியும் தனியாக உட்கார்ந்து தங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவது நாவலில் இல்லை; இருக்கவும் முடியாது, அப்போது இருவர் கண்ணுக்குள்ளும் நமக்கு இடமில்லை. இரண்டாம் சீசனில் ஆர்யா டைவினுக்கு மது ஊற்றிக் கொடுத்தபடி பேசும் காட்சிகளும் சீரிஸின் கைச்சரக்கு. நாவலில் அவள் ஊற்றிக்கொடுப்பது ரூஸ் போல்டனுக்கு. 'சேர்த்தது' என்ற பட்டியலையும் போட்டுப் பாருங்கள், சீரிஸின் நல்ல காட்சிகள் பல அதில் கிடைக்கும். மறுபக்கம், சான்சா வாயைத் திறக்காமல் மனசுக்குள் நினைப்பதெல்லாம் நாவலில் பக்கம் பக்கமாக ஓடும். திரையில் அதே சான்சா வெறுமனே நிற்பதாகத் தெரியும். அது நடிகையின் தப்பில்லை.

'நாவல் முடிவு நல்லா இருந்தது, சீரிஸ் முடிவைக் கெடுத்துட்டாங்க' என்று சொல்பவர்களிடம் நாவலின் எந்தப் பக்கத்தில் என்று கேட்டுப் பாருங்கள். நாவலுக்கு முடிவே இன்னும் வரவில்லை. முதல் பாகம் 1996, ஐந்தாம் பாகம் 2011 ஜூலை. ஆறாவது இதை எழுதும்வரை வெளிவரவில்லை. சீரிஸ் 2011 ஏப்ரலில் தொடங்கி 2019 மே மாதம் 73 எபிசோடுகளோடு முடிந்துவிட்டது. 2016-இல் வந்த ஆறாம் சீசன் முதல் கதையின் பெரும்பகுதி நாவலைத் தாண்டி ஓடுகிறது. அந்தக் கட்டத்துக்குப் பிறகு செய்ய முடிந்தது முந்தைய சீசன்களோடு ஒப்பிடுவது மட்டும்தான். நாவலோடு ஒப்பிட இன்னொரு பக்கம் காலி. சிறுமி ஷிரீன் தீயில் எரிக்கப்படுவதும் ஹோடரின் ரகசியமும் மார்ட்டினிடமிருந்தே வந்தவை என்று சீரிஸ்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பிடிக்காததை எல்லாம் சீரிஸ் தலையிலும் பிடித்ததை எல்லாம் மார்ட்டின் கணக்கிலும் எழுதுவது சரிப்படாது.

ஜான் ஸ்னோவின் பிறப்பு ரகசியமும் இப்படித்தான். சீரிஸ் 2016-இல் போட்டு உடைத்தது. வெளிவந்த ஐந்து நாவல்களில் குறிப்புகள் இருக்கின்றன, யாரும் அதை உறுதியாகச் சொல்லவில்லை. யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு 'நாவல்ல தெளிவா இருக்கு' என்று அடித்துச் சொல்பவர்கள்தான் இங்கே அதிகம் மாட்டுகிறார்கள். டெனேரிஸைத் தீ சுடாது என்பதும் சீரிஸ் சரக்கு. நாவலில் டிராகன்கள் பிறந்த அந்தச் சிதை ஒருமுறை நடந்த அற்புதம். ஐந்தாம் நாவலில் தன் டிராகன் மீது ஏறும்போது முடி பொசுங்கிக் கை கொப்புளித்துப் போகிறது. கதையின் தொடக்கத்தில் அவளுக்கு 13 வயது, ராப்புக்கும் ஜானுக்கும் 14. சீரிஸில் எல்லோரையும் சில வயது ஏற்றியிருக்கிறார்கள். 'இவ்வளவு பெரிய ஆள் இப்படி முட்டாள்தனமா முடிவெடுப்பானா' என்று ராப்பைத் திட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

இதே கதையின் முன்கதையான 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' சீரிஸ் வந்த பிறகு புதுத் தவறு ஒன்று சேர்ந்திருக்கிறது. 2018-இல் வந்த அதன் மூலநூல் 'ஃபயர் அண்ட் பிளட்' நாவலே இல்லை. பிற்காலத்து அறிஞர் ஒருவர் பழைய ஏடுகளைத் தொகுத்து எழுதிய வரலாறு போல அமைந்த நூல். அரண்மனை விதூஷகன் மஷ்ரூம் ஒன்று சொல்வான், குரு யூஸ்டஸ் வேறொன்று சொல்வார். தன்னோடு ஓடிவரும்படி இளவரசி ரெய்னீராவை மெய்க்காவலன் கிறிஸ்டன் கோல் கூப்பிட்டான், அவள் மறுத்தாள் என்பது யூஸ்டஸ் கணக்கு. இல்லை, அவள்தான் அவனை மயக்கப் பார்த்தாள் என்பது மஷ்ரூம் கணக்கு. 2022-இல் வந்த முதல் சீசன் இரண்டையும் வரிசையாக நடத்திக் காட்டிவிட்டது. எனக்குத் தெரிந்து அந்த சீரிஸின் சமர்த்தான வேலைகளில் ஒன்று. இங்கே போய் 'புத்தகத்துல இப்படி இல்லை' என்று சொன்னால் எந்த ஏட்டில் என்று கேள்வி வரும்.

அதற்காக எல்லாமே வதந்தி, எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மறுகோடிக்கும் போகவேண்டாம். நூலில் அலிசென்ட் ரெய்னீராவைவிட ஒன்பது வயது மூத்தவள். இது யாருடைய கிசுகிசுவும் இல்லை. சீரிஸில் இருவரும் ஒரே வயதுத் தோழிகள். சிற்றன்னை-மூத்தாள் மகள் பகை, பிரிந்துபோன சிநேகிதமாக ஆகிவிட்டது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு சண்டையிலும் அந்தச் சிநேகிதம் தலைகாட்டுகிறது. கம்பன் பரீட்சையில் இது பாஸ்.

பாஸ் ஆகாததை மார்ட்டினே காட்டினார். நூலில் அலிசென்ட்டின் மகள் ஹெலேனாவுக்கு இரண்டு மகன்கள். கொலையாளிகள் புகுந்து, இருவரில் யார் சாகவேண்டும் என்று தாயையே சொல்லவைக்கிறார்கள். அவள் சின்னவன் மேலோரின் பெயரைச் சொல்கிறாள். அவர்கள் பெரியவனைக் கொல்கிறார்கள். அம்மா சாகக் கொடுத்த அந்தக் குழந்தை மிஞ்சுகிறது. 2024-இல் வந்த இரண்டாம் சீசனில் மேலோர் கிடையாது. ஆணும் பெண்ணுமான இரட்டைக் குழந்தைகளில் எது பையன் என்று மட்டும் கேட்கிறார்கள். கொலை அப்படியே இருக்கிறது, தாயின் தேர்வு போய்விட்டது. அந்த செப்டம்பரில் மார்ட்டின் தன் வலைப்பதிவில், இந்த ஒரு குழந்தையை எடுத்ததால் பின்னால் வரவேண்டிய எவையெல்லாம் சரியும் என்று வரிசையாக எழுதினார். பதிவு சீக்கிரமே நீக்கப்பட்டது.

கடைசியாக ஒன்று, சுருக்கமாக. 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' சீரிஸை டோல்கீனின் 'சில்மரில்லியன்' நூலோடு வரிக்கு வரி வைத்துத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். அமேசான் அடிப்படையாகக் கொள்ள உரிமை பெற்றது 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்', அதன் பின்னிணைப்புகள், 'தி ஹாபிட்' ஆகியவைதான். அந்தப் பின்னிணைப்புகளில் பல நூற்றாண்டுகள் சில பக்கங்களில் ஓடிவிடும். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுத் திட்டினால் நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன். காலத்தைச் சுருக்கி எல்லோரையும் ஒரே சமயத்தில் நிறுத்தியதற்கு மட்டுமே நிறையத் திட்டலாம்.