ஐஸ் ஹாக்கி கோச் ஆவது எப்படி? ஹவுஸ் லீக்கிலிருந்து என்.எச்.எல். பெஞ்ச் வரை

வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் 32 அணிகள். ஆக, ஹெட் கோச் நாற்காலியும் 32தான். நாற்காலி என்பதுகூடப் பேச்சுக்குத்தான், ஆட்டம் முடியும்வரை நின்றே பார்க்க வேண்டிய வேலை இது. அதற்கு ஒரு படி கீழே ஏ.எச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். கனடாவில் 16 முதல் 20 வயதுப் பையன்கள் ஆடும் மேஜர் ஜூனியர் லீக்குகள் மூன்று: ஓ.எச்.எல்., டபிள்யூ.எச்.எல்., கியூபெக் லீக். 2024 ஜனவரியில் தொடங்கிய பெண்களுக்கான பி.டபிள்யூ.எச்.எல். இப்போது சேர்ந்திருக்கிறது. வட அமெரிக்காவில் முழுநேரச் சம்பளத்துக்குக் கோச் வேலை என்றால் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்ளும் பல்கலைக்கழக அணிகளிலும்தான். ஒவ்வொரு பெரிய அணியிலும் ஹெட் கோச்சுக்குத் துணையாக இரண்டு மூன்று அசிஸ்டன்ட்கள், ஒரு கோலி (வலைக் காவலர்) கோச், ஒரு வீடியோ கோச் இருப்பார்கள். புதியவர்கள் உள்ளே நுழைவது இந்தத் துணை வேலைகள் வழியாகத்தான்.

பெரிய அளவில் ஆடியிருக்க வேண்டுமா?

உதவும், ஆனால் கட்டாயமில்லை. என்.எச்.எல். சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையைக் கோச்சாக 9 முறை வென்ற ஸ்காட்டி போமன் என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஜூனியர் காலத்தில் தலையில் பட்ட அடியோடு அவருடைய ஆட்டக் கனவு முடிந்தது. ரோஜர் நீல்சன் பள்ளி ஆசிரியர். ஆட்டத்தை வீடியோவில் ஓட்டி ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை என்.எச்.எல்.லுக்குள் கொண்டுவந்தவர்களில் முதல் ஆள். ஜான் கூப்பர் மிச்சிகனில் வக்கீல். தொழிலைப் பார்த்துக்கொண்டே ஒரு பள்ளி அணிக்குக் கோச்சாக இருந்தவர், ஜூனியர் லீக்குகள், ஏ.எச்.எல். என்று படிப்படியாக ஏறி 2013இல் டாம்பா பே அணிக்கு வந்தார், 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் கோப்பை. ஜெசிகா கேம்ப்பெல் வீரர்களுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்துப் பெயர் வாங்கி, 2024இல் சியாட்டில் அணியில் என்.எச்.எல்.லின் முதல் முழுநேரப் பெண் அசிஸ்டன்ட் கோச் ஆனார்.

ஆனால் ஸ்கேட்டிங் சரளமாக வர வேண்டும். பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே விசில் ஊதி, கையை நீட்டி ஆளை நகர்த்தத் தெரியாதவர் சொல்வதை 15 வயதுப் பையன்கூடக் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

முதல் இரண்டு ஆண்டு

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் இருப்பவர்களுக்கு வாய்ப்பு வாசலிலேயே இருக்கிறது. டொராண்டோ வட்டாரச் சிறுவர் ஹாக்கியில் தன்னார்வ அசிஸ்டன்ட்களுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். ஹவுஸ் லீக் (உள்ளூர்ப் பொழுதுபோக்கு லீக்) அணி ஒன்றில் கேட்டுப் பாருங்கள். முதலில் காகித வேலை: சிறுவர்களோடு வேலை செய்பவர்களுக்கான போலீஸ் சரிபார்ப்பு, ‘ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட்’ ஆன்லைன் வகுப்பு, ஒன்டாரியோவில் ரோவன் சட்டப்படி தலையதிர்ச்சி பற்றிய குறிப்புகளை ஆண்டுதோறும் படித்துக் கையெழுத்து. போலீஸ் சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுக்கலாம். செப்டம்பரில் சீசன் என்றால் ஜூனிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

அதோடு ஹாக்கி கனடாவின் சான்றிதழ் படிகள். சின்னப் பிள்ளைகளுக்குக் கோச் 1, அதற்கு மேல் கோச் 2, போட்டி அணிகளுக்கு டெவலப்மென்ட் 1, உயர்மட்ட அணிகளுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால் ‘பயிற்சி பெற்றவர்’ என்றுதான் பதிவாகும். ‘சான்றிதழ் பெற்றவர்’ ஆக வேண்டுமானால் எழுத்து வேலைகளை அனுப்பி, ஒருவர் ரிங்க்குக்கு வந்து உங்கள் பயிற்சியைப் பார்த்து மதிப்பிட வேண்டும். வகுப்பை முடித்துவிட்டு இதை அப்படியே விட்டவர்கள், நல்ல வேலை தேடி வரும்போது கையைப் பிசைவார்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு யு.எஸ்.ஏ. ஹாக்கியின் ஐந்து நிலைகள் தனி.

பனியில் இறங்கும் கோச்சுக்கும் ஹெல்மெட் கட்டாயம். விசில் பிளாஸ்டிக்காக, உள்ளே உருண்டை இல்லாததாக இருக்கட்டும். குளிரில் எச்சில் பட்டு உருண்டை ஒட்டிக்கொண்டால் சத்தமே வராது. உலோக விசில் உதட்டில் ஒட்டும். கையுறையோடு பிடிக்க வசதியாக விரலில் மாட்டும் வகையும் கிடைக்கிறது.

ஐம்பது நிமிடப் பயிற்சியை எழுதுவது

ஒரு கோச் தேறுவாரா என்பது அவர் எழுதும் பயிற்சித் தாளிலேயே தெரிந்துவிடும். ரிங்க் வாடகை மணிக்கு நூற்றுக்கணக்கான டாலர். ‘ஒரு மணி நேரம்’ என்று வாங்குவதிலும் பல ரிங்க்குகளில் ஜாம்போனி வண்டி பனியைச் சமன் செய்ய 10 நிமிடம் போய்விடும், மிஞ்சுவது 50.

ஆகவே விளக்கமெல்லாம் உடைமாற்றும் அறையில் முடிய வேண்டும். டிரில்களைப் பலகையில் வரைந்து காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வையுங்கள். பனியில் பெயரைச் சொன்னால் போதும், அவரவர் இடத்துக்குப் போய்விடுவார்கள். 50, 60 பக்குகளை (ஆடும் ரப்பர் வட்டுகளை) நான்கு மூலையிலும் பிரித்துப் போட்டுவிடுங்கள். ஒரே குவியலாக இருந்தால் பக் எடுக்கப் போய்வரவே நேரம் கரையும்.

முதல் 6 நிமிடம் சூடேற்றம். இதில் கோலியை மறந்துவிடாதீர்கள். முதல் ஷாட்கள் தூரத்திலிருந்து, கால் பேடையும் கையுறையையும் நோக்கி வரட்டும். உடம்பு சூடாகுமுன் தோளுக்கு மேல் அடிப்பவனை அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த 10 நிமிடம் சொந்தப் பகுதியிலிருந்து பக்கை வெளியே எடுப்பது: டிஃபென்ஸ் ஆட்டக்காரர் வலைக்குப் பின்னால் போய் எடுத்து, ஓரப் பலகையை ஒட்டி நிற்கும் விங்கருக்குத் தள்ளுவார், சென்டர் (நடு ஃபார்வர்ட்) கீழே இறங்கி வந்து துணை நிற்பார். இது கெடுவது எப்போதும் ஒரே மாதிரிதான். சென்டர் அவசரப்பட்டு முன்னே ஓடிவிடுவார், விங்கருக்குப் பாஸ் கொடுக்க ஆளிருக்காது, பக் எதிரி கையில். இதைத் திருத்த நீண்ட பிரசங்கம் வேண்டாம். “பக் உன் விங்கரின் ஸ்டிக்கில் படும்வரை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வா” என்று ஒரே வரி போதும்.

அதன்பின் கால் மணி நேரம் சின்ன இடத்து ஆட்டம். நீலக்கோட்டுக்கும் கடைசிப் பலகைக்கும் நடுவில் இரண்டு வலைகளைக் குறுக்கே எதிரெதிராக வைத்து மூன்றுக்கு மூன்று. 40 விநாடிக்கு ஒரு விசில், ஆள் மாற்றம், புதுப் பக். இந்த 40 விநாடி சும்மா சொன்ன கணக்கில்லை. உண்மையான ஆட்டத்தில் ஒரு ஷிஃப்ட் (ஒருவர் ஒரு தடவை பனியில் இருக்கும் நேரம்) 40, 45 விநாடிதான். ஒன்றரை நிமிடம் ஓடவிட்டால் பையன்கள் காற்றைச் சேமித்துக்கொண்டு மிதக்கக் கற்றுக்கொள்வார்கள், அந்தப் பழக்கம் ஆட்டத்திலும் வரும். ஒரு பங்கு உழைப்புக்கு மூன்று பங்கு ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரம் பவர் ப்ளே (எதிரணிக்குப் பெனால்டி, நமக்கு ஆள் அதிகம்), பெனால்டி கில் (நமக்குப் பெனால்டி, ஆள் குறைவு), கடைசியில் ஒரு பந்தயம்.

எந்த டிரில்லிலும் வரிசையில் ஐந்து பேருக்கு மேல் நின்றால் அதை இரண்டாகப் பிரியுங்கள்.

பெஞ்ச்

ஆட்ட நாளில் கோச் கையில் உண்மையில் இருப்பது ஆள் மாற்றம்தான். 18 ஆட்டக்காரர்கள், 2 கோலிகள். ஃபார்வர்ட்கள் மூவர் மூவராக நான்கு லைன், டிஃபென்ஸ் மூன்று ஜோடி. ஆட்டம் நின்று ஃபேஸ்-ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது) வரும்போது வெளியூர் அணி முதலில் ஆளை இறக்கும், உள்ளூர் அணி அதைப் பார்த்துவிட்டு இறக்கும். உள்ளூரில் ஆடும்போது எதிரியின் முதல் லைனுக்கு எதிரே உங்கள் நல்ல தடுப்பு லைனை நிறுத்த இந்தச் சலுகை. வெளியூரில் இருந்தால் பக் விழுந்த 10, 15 விநாடிக்குள் ஓட்டத்திலேயே ஆளை மாற்றி அந்தப் பிடியிலிருந்து நழுவப் பாருங்கள்.

ஆட்டத்தின் மூன்று பீரியட்களில் இரண்டாவது வேறு கதை. அணிகள் பக்கம் மாறிவிடுவதால் சொந்த வலைப்பகுதியிலிருந்து பெஞ்ச் தூரமாகிவிடும். களைத்த டிஃபென்ஸ் ஜோடி வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். இரண்டாம் பீரியடில் கோல் அதிகம் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். பக் எதிரியின் பகுதியில் ஆழமாகப் போன பிறகே மாற்றம் என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். ஐசிங் (நடுக்கோட்டுக்கு முன்பிருந்தே அடித்த பக் எதிரியின் கோல் கோட்டைத் தாண்டிப் போவது) ஆனால், அடித்த அணியின் அந்த ஐந்து பேரையும் மாற்ற முடியாது. முன்பு டைம்-அவுட் எடுத்து மூச்சு வாங்க வைப்பார்கள். 2017–18 சீசனிலிருந்து என்.எச்.எல்.லில் அதற்கும் தடை. உங்கள் லீக்கின் விதி என்ன என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பனியில் ஆள் கூடிப்போனால் 2 நிமிடப் பெனால்டி. இதில் பழி முழுக்க பெஞ்சுக்குத்தான். 1979இல் மாண்ட்ரியலுக்கு எதிரான அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், மூன்று நிமிடம்கூட மீதியில்லாத நேரத்தில் 4–3 என்று முன்னால் நின்ற பாஸ்டன் இதே தப்பைச் செய்தது. மாண்ட்ரியலின் கி லாஃப்ளூர் சமன் செய்ய, ஓவர்டைமில் ஆட்டமே போனது. அந்த சீசனோடு பாஸ்டன் கோச் டான் செரியின் வேலையும் போனது. (எதிர் பெஞ்சில் நின்றவர் போமன்.) ‘அடுத்த லைன்’ என்று பொதுவாகக் கத்தாமல், யார் யாருக்குப் பதில் என்று பெயர் சொல்லுங்கள். வருகிறவர் பெஞ்சுக்கு ஐந்தடிக்குள் வந்த பிறகே போகிறவர் குதிக்க வேண்டும்.

வீடியோ அறை

ஆட்ட அனுபவம் குறைந்தவர்களுக்கு இன்றைய நேர்வழி இது. ஆட்டம் ஓடும்போதே ஃபேஸ்-ஆஃப், எதிரியின் பகுதிக்குள் நுழைவு, ஷாட், ஆள் மாற்றம் என்று ஒவ்வொன்றையும் மென்பொருளில் குறித்துக்கொண்டே போக வேண்டும். என்.எச்.எல்.லில் இடைவேளை 18 நிமிடம். முதல் சில நிமிடம் ஆட்டக்காரர்களைத் தனியாக விட்டுவிட்டு, கோச் உள்ளே போகும்போது கையில் மூன்று நான்கு துண்டுகள், மொத்தம் இரண்டு நிமிடத்துக்குள். புதியவர்கள் பதினைந்து துண்டுகளை வெட்டிக் கொடுப்பார்கள், அதில் ஒன்றும் தலையில் நிற்காது.

எதிரி அடித்த கோலை எதிர்த்து முறையிடலாமா என்பதைப் பெஞ்சுக்குச் சொல்வதும் இவர்தான். முறையீடு தோற்றால் 2 நிமிடப் பெனால்டி, மறுபடி தோற்றால் 4. ஆஃப்சைடை (பக்குக்கு முன்பே எதிரியின் நீலக்கோட்டைத் தாண்டுவது) கோட்டை வைத்து அளந்துவிடலாம். கோலியை இடித்தாரா இல்லையா என்பது நடுவர் கண்ணோட்டம். இரண்டாவதில் சந்தேகம் இருந்தால் வாயைத் திறக்க வேண்டாம்.

வேலை கிடைப்பதும் போவதும்

ஆளெடுப்பு சூடுபிடிப்பது மே முதல் ஜூலை வரை. விளம்பரம் வரும்போது பெரும்பாலும் ஆள் முடிவாகியிருக்கும். கோச்சுகள் கூடும் கோடைக்காலக் கருத்தரங்குகளுக்குப் போங்கள். என்.எச்.எல். கோச்சுகள் சங்கம் பெண்களுக்கும் வெள்ளையரல்லாதவர்களுக்கும் தனித்தனித் திட்டம் நடத்துகிறது, விண்ணப்பியுங்கள். கையில் இருக்க வேண்டியவை: ஒரு முழு சீசன் திட்டம், மூன்று பயிற்சித் தாள்கள், உங்கள் அணியின் பெனால்டி கில் எப்படி நகர்கிறது என்பதை விளக்கும் ஐந்து நிமிட வீடியோ. தோற்ற ஆட்டத்திலிருந்து ஒரு துண்டு சேர்த்து, எங்கே பிசகியது என்று சொல்லுங்கள். வெற்றி மட்டும் காட்டுகிறவரை நேர்காணலில் குடைந்து எடுப்பார்கள்.

ஈ.சி.எச்.எல்.லில் வேலை கிடைத்தால் கோச் வேலை மட்டும் என்று நினைத்துப் போகாதீர்கள். 72 ஆட்டம், நீண்ட பஸ் பயணம். ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்வது, அவருக்கு வீடு பார்ப்பது எல்லாம் பல ஊர்களில் ஹெட் கோச் தலையில்தான். அசிஸ்டன்ட் ஒருவரே இருப்பார். ஆனால் முடிவெடுக்கும் பழக்கம் இங்கே வருவது போல வேறெங்கும் வராது.

நீக்கப்படுவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. பெரும்பாலும் நடு சீசனில் நடக்கும், அசிஸ்டன்ட்டை இடைக்காலக் கோச் ஆக்குவார்கள். 2018 நவம்பரில் அப்படி செயின்ட் லூயிஸ் அணியை ஏற்ற கிரெய்க் பெருபே, ஜனவரியில் லீக்கின் கடைசி இடத்தில் கிடந்த அணியை ஜூனில் கோப்பைக்குக் கொண்டுபோனார். ஒப்பந்தத்தில் இரண்டு விஷயத்தை வக்கீலை வைத்துப் பாருங்கள்: நீக்கினால் மிச்ச ஆண்டுகளின் சம்பளம் வருமா, வேறு அணியில் சேர்ந்தால் அதில் எவ்வளவு கழிப்பார்கள். வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் கோச் ஒப்பந்தத்தோடு முடிகிற மாதிரி போடுங்கள். பயிற்சித் தாள்களையும் உங்கள் குறிப்புகளையும் சொந்த ஹார்ட் டிஸ்க்கில் வாரம் ஒருமுறை நகலெடுங்கள். நீக்கிய அன்றே அணி கொடுத்த லேப்டாப்பும் மின்னஞ்சலும் பூட்டப்பட்டுவிடும்.