முட்டை அடைத்த பாம்பை அமுக்காதீங்க

வேலூர்ப் பக்கம் கார்ன் ஸ்னேக் (விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பு) வளர்ப்பவர்களுக்கு: ஆண் துணை இல்லாமலேயே பெண் பாம்பு கருவில்லா முட்டை இடும். சில முட்டை போட்டு நிறுத்திவிட்டு, வாலுக்குச் சற்று முன்னால் கெட்டியாக உருண்டை தெரிந்தால் முட்டை அடைத்திருக்கலாம். கையால் பிதுக்கவே கூடாது, முட்டைக்குழாய் கிழியும்.

முட்டையிட மூடிய டப்பாவில் ஓட்டை போட்டு, ஈரத் தென்னைநார்த்தூள் நிரப்பி முன்கூட்டியே வையுங்கள். நம்மூர் கத்திரி வெயிலில் அது சாயந்திரத்துக்குள் சருகாகிவிடும், தினமும் தொட்டுப் பாருங்கள்.

ரெண்டு நாளில் மிச்ச முட்டை வராவிட்டால் டாக்டர்தான். ஆடு மாடு பார்ப்பவர் பாம்பைத் தொடுவாரா என்று முன்னாடியே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். சாரை, நல்ல பாம்பு வளர்ப்பதோ 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.