கணுக்கால் எக்ஸ்ரே: பாதத்தை மட்டும் திருப்பாதீர்கள்

மாரி தொடங்கினால் வன்னியில் வரம்பில் வழுக்கிக் கணுக்கால் பிரண்டு வருபவர்களுக்குக் குறைவில்லை. முதலில் காலில் காய்ந்த சேற்றைத் துடைத்துவிடுங்கள், அதுவும் படத்தில் புள்ளியாக விழும்.

அதிகம் பிழையாக வருவது மோட்டிஸ் படம், அதாவது கணுக்கால் மூட்டின் இடைவெளியைக் காட்ட முன்பக்கமிருந்து எடுக்கும் படம். மூட்டின் இடைவெளி மறைவின்றித் தெரிய, காலை 15 முதல் 20 பாகை வரை உள்நோக்கித் திருப்ப வேண்டும். புதியவர்கள் பாதத்தை மட்டும் பிடித்துத் திருப்புவார்கள். அது சரிவராது, முழங்காலும் சேர்ந்து திரும்ப வேண்டும். பாகையை அளந்துகொண்டு நிற்கத் தேவையில்லை. கணுக்காலின் உள் மேடும் வெளி மேடும் காலுக்கடியில் உள்ள எக்ஸ்ரே பிளேட்டிலிருந்து ஒரே உயரத்தில் வந்தால் போதும்.

“உள்ளுக்குத் திருப்புங்கோ” என்றால் பலருக்கு விளங்காது. “ஐயா, பெருவிரலை மற்றக் காலின் பக்கம் சரியுங்கோ” என்றால் உடனே செய்வார்கள். பாதம் காலுக்குச் செங்குத்தாக நிற்பது நல்லது, ஆனால் நோவோடு இருப்பவரை வலிந்து மடக்க வேண்டாம்.

அப்புறம், பக்கவாட்டுப் படத்தில் சின்னவிரல் பக்கத்து ஐந்தாம் பாத எலும்பின் அடியும் விழட்டும். கால் பிரளும்போது அங்கேயும் வெடிப்பு வரும். கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும்.