சினைப்பையில் கட்டி என்றால்: ஸ்கேன் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

‘இடது ஓவரி, 6.2 x 5.4 செ.மீ.’ என் ரிப்போர்ட்டில் இந்த ஒரு வரிக்கு மேல் எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் டாக்டர் அந்த எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு, “இதை விடும்மா, அடுத்த வரியைப் படி, உள்ளே என்ன இருக்குன்னு போட்டிருக்கு” என்றார். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

‘சிம்பிள் சிஸ்ட்’, ‘அனெகோயிக்’ (எதிரொலி இல்லாமல் கறுப்பாகத் தெரிவது), ‘செப்டேஷன் இல்லை’ (உள்ளே தடுப்புச் சுவர் இல்லை) என்று இருந்தால் மெல்லிய சுவருக்குள் வெறும் நீர்தான். மாதவிடாய் வரும் வயதில் முட்டை வளரும் பையே மாதாமாதம் 2 செ.மீ.க்கு மேல் பெருத்து வெடிக்கும். வெடிக்காமல் நின்றுபோனால் அதுவே நீர்க்கட்டி. பெரும்பாலானவை இரண்டு மூன்று சுழற்சியில் தானாக வற்றிவிடும். ‘மூணு மாசம் கழிச்சு வாங்க’ என்று டாக்டர் சொன்னால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள், அந்தக் காத்திருப்பே சிகிச்சைதான். மறு ஸ்கேனை மாதவிடாய் முடிந்த சில நாட்களுக்குள் எடுத்தால் புது முட்டைப்பை குழப்பாது. பிசிஓஎஸ் என்னும் ஹார்மோன் கோளாறில் சொல்லும் ‘நீர்க்கட்டி’ இதில் சேராது. அவை சில மில்லிமீட்டர் அளவில் வளராமல் நின்ற முட்டைப்பைகள், அறுவை செய்து எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல.

‘கிரவுண்ட் கிளாஸ்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் சாக்லேட் சிஸ்ட், அதாவது எண்டோமெட்ரியோசிஸால் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) தேங்கிய பழைய ரத்தம். மாதவிடாய் வலி உயிரை வாங்குகிறதா என்று டாக்டர் கேட்பார், மறைக்காமல் சொல்லுங்கள்.

எனக்கு இருந்தது டெர்மாய்டு. முட்டையாக வேண்டிய செல்லிலிருந்தே வளரும் கட்டி அது, தானாகக் கரையாது. லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழி அறுவையில், கட்டியை மட்டும் உரித்தெடுத்து சினைப்பையைக் காப்பாற்றினார்கள். பிறகு படம் காட்டினார்கள்: மஞ்சள் கொழுப்புக்குள் கற்றையாகச் சுருண்டு கிடந்த கறுத்த முடி. சிலருக்குப் பல்லும் இருக்குமாம். அறுவைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “கட்டியை மட்டும் எடுப்பீர்களா, சினைப்பையையும் சேர்த்தா?”

‘சாலிட்’ (திடப் பகுதி), ‘பாப்பிலரி’ (கட்டிக்குள் துருத்தும் முளை), ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் அந்தத் திடப் பகுதிக்குள் ரத்த ஓட்டம், வயிற்றில் நீர். இவற்றில் ஒன்று இருந்தாலும், மாதவிடாய் நின்ற பிறகு புதிதாகக் கட்டி தெரிந்தாலும், தள்ளிப்போடாமல் பெண்கள் புற்றுநோய் நிபுணரிடம் காட்டிவிடுங்கள். சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனை 35-ஐத் தாண்டிவிட்டது என்பதற்காக இடிந்துபோக வேண்டாம். எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி), காசநோய், ஏன், மாதவிடாய் நாட்களே அதை ஏற்றிவிடும். ஆரம்பப் புற்றுநோயில் அது சாதாரணமாகவும் இருக்கலாம். ஸ்கேனோடு சேர்த்துத்தான் அதற்கு அர்த்தம்.

கருக்குழாயை ரிப்போர்ட்டில் பலர் தேடுவதே இல்லை. ‘ஹைட்ரோசால்பிங்ஸ்’ என்றால் பழைய தொற்று போன்றவற்றால் குழாயின் நுனி அடைபட்டு உள்ளே நீர் கோத்திருக்கிறது. ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) செய்யப்போகிறவர்கள் இதை முதலிலேயே பேசிவிட வேண்டும். அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கரு ஒட்டுவதைக் கெடுக்கும், அதனால் குழாயை முன்பே எடுத்துவிடவோ அடைத்துவிடவோ சொல்வார்கள். சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் அழைப்பதில் அதிகம் வரும் வகை, பெரும்பாலும் இந்தக் குழாயின் விரல் போன்ற நுனியில்தான் தொடங்குகிறது. அம்மா, அக்கா தங்கைக்குச் சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் இந்தப் புற்றுநோய்களின் பரம்பரை ஆபத்தைக் காட்டும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

வாரக்கணக்கில் வயிறு உப்பலாகவே இருப்பது, இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் முட்டுவது: இவை சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம், ‘கேஸ்’ என்று ஒதுக்காதீர்கள்.

கட்டி இருப்பது தெரிந்தவருக்குத் திடீரென ஒரு பக்கம் சுருட்டிப் பிடிக்கும் வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்தம் நின்ற சினைப்பையைக் காப்பாற்றச் சில மணி நேரம்தான் கிடைக்கும். மாதவிடாய் தள்ளிப்போய், ஒரு பக்க வலி, ரத்தக்கசிவு, மயக்கம் என்றால் குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம். இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் கிளம்புங்கள், பழைய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு.