அலாய் வீல் அரிப்பால் மெல்ல இறங்கும் காற்றை நிறுத்துவது எப்படி

ஆணி எதுவும் குத்தாத டயரில் வாரத்திற்கு நான்கைந்து பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று குறைந்துகொண்டே வந்தால், டயரை மாற்றுவதற்கு முன் அலாய் வீலின் விளிம்பைச் சோதிக்க வேண்டும். காட்பாடியில் நான் ஓட்டும் காரின் பின்பக்க இடது சக்கரம் ஆறு மாதம் இந்தத் தொல்லையைத் தந்தது. இரண்டு கடைகளில் ஆணியைத் தேடிக் கைவிட்டார்கள். மூன்றாவது கடையில் புது டயர் வாங்கச் சொன்னார்கள். டயரில் ஒரு குறையும் இல்லை. பஞ்சர் கடைகளில் 'ரிம் லீக்' என்பார்களே, டயரை மாட்டும் உலோக வளையமான ரிம்மின் விளிம்பு வழியே காற்று கசிவது, அதுதான் நடந்திருந்தது.

டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைப்பது, டயரின் உள்விளிம்பான பீடு ரிம்மோடு அழுந்தி நிற்கும் இடம். அங்கே பெயின்ட் கீறப்பட்டு ஈரமும் உப்பும் புகுந்தால் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கிறது. அந்தப் பொடி தான் தின்ற உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், பெயின்ட் கொப்புளமாக எழும்பி, பீடு படியாமல் நூலளவு வழி திறந்துவிடுகிறது. கீறல் பெரும்பாலும் டயர் கழற்றும் கடப்பாரையாலோ, சக்கரம் அதிராமல் சமமாகச் சுழல விளிம்பில் மாட்டும் பேலன்சிங் எடைக் கட்டியாலோ விழுகிறது. உப்புக்கு நம் பக்கத்தில் குறைவில்லை. ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகளின் உப்புக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த செய்தி 1996-இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. அப்படிப்பட்ட போர்வெல் தண்ணீரில் காரைக் கழுவி வெயிலில் காயவிட்டால், விளிம்பில் உப்பு படிந்துகொண்டே போகும். வாட்டர் சர்வீஸில் வீல் பளபளக்க ஆசிட் அடிப்பது அதைவிடக் கெடுதல்.

முதலில் கசிவு எங்கே என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டி ஓடாத அதிகாலையில் காற்றை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாறு டிகிரி சூடு மாறினாலே ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ மாறும் என்பதால், வேலூர் வெயிலில் மதியம் எடுத்த அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிறகு சோப்பு நுரையை வால்வு வாயில் வையுங்கள். குமிழி வந்தால் வால்வு பின்னை மாற்றினாலே வேலை முடிந்தது. அங்கே இல்லையென்றால், சக்கரத்தைக் கழற்றிப் படுக்க வைத்து இரு பக்க விளிம்பிலும் நுரையைச் சுற்றிலும் ஊற்றிப் பொறுமையாகக் காத்திருங்கள். இந்தக் கசிவு பொங்கி வராது. கடுகளவு நுரை ஓரிரு நிமிடம் கழித்துத்தான் திரளும். உட்பக்க விளிம்பை மறவாதீர்கள். எனக்கு அங்கேதான் இருந்தது.

இடம் தெரிந்ததும் டயரைக் கழற்றும் எந்திரம் உள்ள கடைக்குச் செல்லுங்கள். ரிம்மில் பீடு உட்காரும் வளையம் முழுவதையும், குமிழி வந்த இடத்தை மட்டுமல்லாமல், கம்பி பிரஷ்ஷாலும் பின்னர் நைசான எமரி தாளாலும் வெண்பொடியும் தூக்கிய பெயின்ட்டும் போகும்வரை தேய்க்கச் சொல்ல வேண்டும். கிரைண்டர் வைக்க அனுமதிக்காதீர்கள். அது குழி பறித்துவிடும். டயரின் பீடில் ஒட்டியிருக்கும் பொடியையும் துடைத்தபின், பீடு சீலர் என்னும் கசிவடைக்கும் பசையை மெல்லிய ஒரு பூச்சாகப் பூசி மாட்டலாம். சீலர் உதவி மட்டுமே. தேய்க்காமல் அதைத் தடவினால் சில வாரத்தில் பழைய கதைதான். விரிசலோ ஆழமான குழியோ தெரிந்தால் அந்த வீலை ஓட்டக் கூடாது.

டியூப் போட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள்; தயவுசெய்து ஏற்காதீர்கள். டியூப்லெஸ் ரேடியல் டயருக்குள் டியூப் உரசிச் சூடேறும். மெல்லக் கசிந்துகொண்டிருந்த காற்று, டியூப் கிழிந்தால் நெடுஞ்சாலையில் ஒரே நொடியில் போய்விடும். பஞ்சரை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவமும் இதற்குப் பயன் தராது. சக்கரம் சுழலும்போது அது டயர் சாலையைத் தொடும் பகுதியின் பக்கமே ஒதுங்கும், விளிம்பை எட்டாது.

மாட்டியபின் வீல் பேலன்சிங் செய்து, மாட்டும் எடைக்குப் பதில் ஒட்டும் எடையைக் கேளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே அதிகாலை நேரத்தில் மீண்டும் அளந்து, குறித்து வைத்த அளவோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகு காரைக் கழுவும்போதெல்லாம் கடைசியாக வீல்களை ஒரு குடம் நல்ல தண்ணீரால் அலசித் துணியால் துடைத்துவிடுங்கள்.