ஸ்டென்ட், வால்வு, பேஸ்மேக்கர்: வைத்த பிறகு நடக்கும் தவறுகள்

இதயத் துடிப்பைச் சீராக வைத்திருக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்துக்கொண்டு வீடு திரும்பியவரை மிக்ஸி பக்கமே விடமாட்டார்கள். ஃபிரிட்ஜைத் திறக்கக்கூடாது, டி.வி. அருகில் உட்காரக்கூடாது, அவர் முன்னால் யாரும் போன் பேசக்கூடாது என்று வீடே சட்டம் போடும். அதே தெருவில் ஸ்டென்ட் வைத்த இன்னொருவர் 'வயிறு எரியுது' என்று இரண்டு வாரமாக மாத்திரையை நிறுத்தியிருப்பார். அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மிக்ஸியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மாத்திரையை நிறுத்தியவருக்கு உயிரே போகலாம். இதயத்தில் வைக்கும் கருவிகளைப் பற்றி நம்மிடம் இருக்கும் பயம் பெரும்பாலும் இப்படி இடம் மாறித்தான் இருக்கிறது.

மாத்திரையை நாமே நிறுத்துவது

ஸ்டென்ட் என்பது மெல்லிய உலோக வலைக்குழாய். அடைத்த ரத்தக்குழாயைப் பலூனால் விரித்து, அது மறுபடி சுருங்கிவிடாமல் இருக்க உள்ளே நிறுத்துகிறார்கள். ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள், அதன்மேல் படும்போது உறையப் பார்க்கும். நாளடைவில் குழாயின் உள்தோல் கம்பிகளின் மேல் படர்ந்து மூடிவிடும். இன்று வைப்பது பெரும்பாலும் மருந்து பூசிய ஸ்டென்ட்தான். உள்ளே சதை வளர்ந்து மறுபடி அடைக்காமல் இருக்கத்தான் அந்தப் பூச்சு. ஆனால் அதே மருந்து உள்தோல் படர்வதையும் கொஞ்சம் தாமதப்படுத்தும். அந்த இடைக்காலத்துக்காகவே ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல், டிகாக்ரெலார், பிரசுக்ரெல் இவற்றில் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மாரடைப்பு வந்து வைத்தவர்களுக்குப் பொதுவாக ஓராண்டு, மற்றவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம். ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு மருத்துவர் இதைக் குறைப்பதும் உண்டு. அதன் பிறகும் ஒரு மாத்திரை தொடரும்.

இந்தக் கணக்கை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். ஆனால் நடைமுறையில் மாற்றுபவர்கள் யார் என்று பார்த்தால், பல் பிடுங்கப் போன இடத்தில் 'அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க' என்றவர், ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனபோது மாத்திரை டப்பாவை மறந்தவர், 'இத்தனை மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்' என்ற சித்தப்பா. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இரண்டு மாத்திரையையும் நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென்று முழுசாக அடைத்துக்கொள்ளலாம். அது பெரும்பாலும் பெரிய மாரடைப்பாகவே வரும். சாதாரணமாகப் பல் எடுக்க இந்த மாத்திரைகளை நிறுத்தத் தேவையில்லை, எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தே ரத்தத்தை நிறுத்திவிடலாம். பெரிய அறுவை சிகிச்சை என்றால், அதைச் செய்யப்போகிற மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். அவசரமில்லாத அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடவும் சொல்வார்கள்.

வயிறு எரிகிறது என்பது பொய்யில்லை, ஆஸ்பிரின் அதைச் செய்யும்தான். அதற்கு மாத்திரையை நிறுத்துவது வழி ஆகாது, வயிற்றுக்கும் சேர்த்து ஒரு மாத்திரை தருவார்கள். ஆனால் அதையும் மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கக்கூடாது. ஒமிப்ரசோல், ஈசோமிப்ரசோல் இரண்டும் குளோபிடோக்ரெல்லின் வேலையைக் குறைக்கக்கூடியவை. பேன்டோப்ரசோலுக்கு அந்தத் தொந்தரவு குறைவு. அதேபோல மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன். கடையில் கேட்டவுடன் கிடைக்கும், வலியும் குறையும். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் குடலில் ரத்தக்கசிவு, தொடர்ந்து சாப்பிட்டால் மாரடைப்பு என்று இரண்டு பக்கமும் ஆபத்து. மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டிகாக்ரெலார் சாப்பிடும் சிலருக்கு மூச்சு வாங்குவது போலிருக்கும். அந்த மருந்துக்குத் தெரிந்த பக்கவிளைவுதான். பயந்து நிறுத்தாமல் போய்ச் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார்கள்.

'அடைப்பை எடுத்தாச்சு, இனி ஒன்றுமில்லை'

மருந்தை நிறுத்துவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த நம்பிக்கைதான் இருக்கிறது. ஸ்டென்ட் சரிசெய்வது சில சென்டிமீட்டர் நீளத்தை மட்டும். கொழுப்புப் படியும் நோய் மற்றக் குழாய்களிலும் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையை விடுவது. கொலஸ்ட்ரால் 'நார்மல்' என்று ரிப்போர்ட்டில் வந்ததும் ஸ்டாட்டினை விடுகிறவர்கள் ஏராளம். மாத்திரையால்தான் அது நார்மலாக இருக்கிறது! இதய நோய் வந்தவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் இலக்கே வேறு. 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்கும் கீழே.

வைப்பதற்கு முன்னால் நடக்கும் தவறையும் சொல்லிவிட வேண்டும். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது, அங்கே ஒரு மணி நேரம் தாமதித்தாலும் இதயத்தசை போய்விடும். ஆனால் வேகமாக நடந்தால் மட்டும் நெஞ்சு இறுகுகிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்ற நிலையான நோய் வேறு விஷயம். 2007-இல் வெளியான கரேஜ் ஆய்வும், 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும் இதைப் பார்த்தன. நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஒப்பிட்டால், இவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்டென்ட் வலியைக் குறைக்கிறதே தவிர ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. இடது பிரதானக் குழாயில் அடைப்பு, இதயத்தின் பம்பிங் மோசமாகக் குறைந்தவர்கள் என்று விதிவிலக்குகள் உண்டு. ஆக, ஆஞ்சியோ மேஜையில் படுத்திருக்கும்போதே வெளியே நிற்கும் மகனிடம் கையெழுத்து கேட்டால், 'இது அவசரமா, மருந்தில் பார்க்க முடியுமா?' என்று ஒரு கேள்வி கேட்பதில் தப்பே இல்லை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்டுக்கு உச்சவிலை வைத்தது. மருந்து பூசியதற்கு அப்போது 29,600 ரூபாய். பிறகு அந்தத் தொகை அவ்வப்போது மாறியது. பில்லில் ஸ்டென்டின் பெயர், தயாரித்த நிறுவனம், பேட்ச் எண், விலை எல்லாம் தனியாக இருக்க வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஸ்டென்ட் வைத்த பிறகு வரும் நெஞ்சு வலியை 'அதான் சரி பண்ணியாச்சே, இது கேஸ்' என்று தள்ளக்கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

வால்வு வைத்தவர்களும் ஐ.என்.ஆரும்

கருவி வைத்தவர்களில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பவர்கள் உலோக வால்வுக்காரர்கள். சின்ன வயதில் தொண்டைப் புண்ணோடு வந்த ரூமாட்டிக் காய்ச்சல், அதனால் கெட்டுப்போன வால்வு என்று நம் நாட்டில் இருபது, முப்பது வயதிலேயே வால்வு மாற்றிக்கொள்பவர்கள் நிறைய. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையம் நம் நாட்டுக்காகவே ஒரு வால்வை உருவாக்கியது. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்த அந்த சித்திரா வால்வு இன்றும் பலரின் நெஞ்சில் ஓடுகிறது. உலோக வால்வு தேயாது, ஆனால் அதில் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிட வேண்டும்.

இந்த மாத்திரையில் கொஞ்சம் கூடினாலும் ரத்தக்கசிவு, கொஞ்சம் குறைந்தாலும் வால்வில் ரத்தக்கட்டி. ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று அளக்கத்தான் ஐ.என்.ஆர். பரிசோதனை. அந்த எண் மகாதமனி வால்வுக்குப் பொதுவாக 2 முதல் 3, மைட்ரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5. உங்கள் எண் எது என்று கேட்டு, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நாலைந்து மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் இங்கே முதல் தவறு. ஐ.என்.ஆர். தவறினால் உடம்பு முன்கூட்டியே சொல்லாது. ஒரு நாள் காலையில் வாய் கோணி, கை விழுந்துபோய்த்தான் தெரியவரும்.

அடுத்தது கீரை. வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும், கீரைகளில் அது அதிகம். உடனே வீட்டில் கீரையே சமைப்பதில்லை என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். தேவையில்லை. வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிட்டுப் பழகியவர் அப்படியே சாப்பிடலாம், அதற்கேற்ப மாத்திரை அளவை வைப்பார்கள். இரண்டு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, ஆடி மாதம் ஊருக்குப் போய்த் தினமும் முருங்கைக்கீரை சாப்பிட்டால்தான் எண் சரியும்.

அதைவிடப் பெரிய ஆபத்து மெடிக்கல் ஷாப்பும் நாட்டு மருந்துக் கடையும். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், படர்தாமரைக்கு ஃபுளூகோனசோல், சிறுநீர்த் தொற்றுக்கு கோட்ரைமாக்சசோல் என்று வாங்கிச் சாப்பிட்டால் சில நாளிலேயே ஐ.என்.ஆர். எகிறிவிடும். என்ன மருந்து புதிதாகச் சேர்ந்தாலும், லேகியமாகவே இருந்தாலும், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சில நாளில் ஒரு பரிசோதனை. அசிட்ரோமும் வார்ஃபரினும் அளவில் ஒன்றுக்கொன்று ஈடாகாது, கடைக்காரர் மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். 1 மி.கி. அட்டை, 2 மி.கி. அட்டை இரண்டும் வீட்டில் இருந்தால் தனித்தனி டப்பாவில் வையுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. 'பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரை' என்று யாராவது டாபிகாட்ரானைச் சொன்னால், உலோக வால்வுக்கு அது ஆகாது. அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

இளம்பெண்களுக்குத் தனியாக ஒன்று. வார்ஃபரின் கருவின் ஆரம்ப வாரங்களில் ஊனம் உண்டாக்கக்கூடியது. அதற்காகத் தானாகவே நிறுத்தினால் வால்வு அடைத்துத் தாயே போய்விடலாம். ஆகவே நாள் தள்ளிப்போன பிறகு யோசிப்பது தாமதம். குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே இதய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

வால்வு உள்ளவர்களுக்குக் காய்ச்சலும் சாதாரண விஷயமாக இருக்காது. செயற்கை வால்வில் கிருமி குடியேறலாம், அதன் முதல் அறிகுறியே விடாத காய்ச்சல்தான். தெருமுனையில் ஆன்டிபயாடிக் வாங்கி நாலு வேளை சாப்பிட்டுவிட்டு வந்தால், ரத்தத்தில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை வீணாகிவிடும், கிருமி மட்டும் வால்விலேயே இருக்கும். முதலில் ரத்தம் எடுக்கட்டும், அப்புறம் ஆன்டிபயாடிக். பல் எடுப்பது, ஈறு சுத்தம் செய்வது போன்ற வேலைகளுக்கு முன் இவர்களுக்கு ஒரு வேளை ஆன்டிபயாடிக் தர வேண்டும் என்பதையும் பல் மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள்.

ராத்திரி அமைதியில் உலோக வால்வின் 'டிக் டிக்' சத்தம் பக்கத்தில் படுத்திருப்பவருக்கே கேட்கும். முதலில் தூக்கம் கெடும், பிறகு பழகிவிடும். அந்தச் சத்தம் திடீரென்று மங்கினாலோ நின்றாலோ, கூடவே மூச்சுத் திணறல் இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

பேஸ்மேக்கர்

1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சனுக்கு உலகின் முதல் உள்வைப்பு பேஸ்மேக்கரை வைத்தார்கள். அது சில மணி நேரம்தான் ஓடியது. மாற்றி மாற்றி மொத்தம் 26 கருவிகளோடு அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். கருவியை உருவாக்கிய எல்ம்க்விஸ்டும் அறுவை செய்த சென்னிங்கும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். பேஸ்மேக்கர் வைத்தால் எண்ணிய நாள்தான் என்று மூலையில் உட்காருபவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், டி.வி., மைக்ரோவேவ் எதுவும் பிரச்சினை இல்லை. இன்டக்ஷன் அடுப்பிலிருந்து மட்டும் இரண்டடி தள்ளி நில்லுங்கள். போனை எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசலாம். ஆனால் நம் சட்டையில் பாக்கெட் இருப்பது இடது பக்கம், பேஸ்மேக்கரும் பெரும்பாலும் அங்கேதான். போன், இயர்பட்ஸ் டப்பா எல்லாம் பேன்ட் பாக்கெட்டுக்குப் போகட்டும். ஐபோன் 12 முதல் வந்தவற்றில் உள்ள காந்தம் மிக நெருக்கத்தில் கருவியைப் பாதிக்கக்கூடும், 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். விமான நிலையம், கோவில் வாசல் மெட்டல் டிடெக்டர் வழியாகச் சாதாரணமாக நடந்து போகலாம், அதில் சாய்ந்து நிற்க வேண்டாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது பிசியோதெரபி அறையில் இருக்கிறது. முழங்கால் வலிக்கு 'கரன்ட் வைக்க' போகிறவர்கள் பேஸ்மேக்கர் இருப்பதைச் சொல்வதே இல்லை. மின்காந்த அலையால் உடம்புக்குள் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயாதெர்மி இவர்களுக்குக் கூடவே கூடாது. எம்.ஆர்.ஐ.க்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இன்றைய பேஸ்மேக்கர்கள் பல அதற்கு ஏற்றவை, ஆனால் எடுப்பதற்கு முன்னும் பின்னும் கருவியின் அமைப்பை மாற்ற வேண்டும். ஸ்டென்டுக்கு இந்தத் தடை இல்லை, 'உள்ளே இரும்பு இருக்கு' என்று எம்.ஆர்.ஐ.யைத் தவிர்ப்பது வீண்.

முதல் நாலு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது, கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர் நகர்ந்துவிடும். இதைக் கேட்டுவிட்டு கையை அசைக்காமலே கட்டி வைத்திருப்பவர்கள் தோள் இறுகிப்போய் வருகிறார்கள். முழங்கை அசைய வேண்டும், தோளும் அளவாக அசைய வேண்டும்.

தோலுக்கு அடியில் கருவி இருக்கும் இடம் சிவந்து, வீங்கி, நீர் கோத்தால் உள்ளூர் கிளினிக்கில் ஊசி போட்டு உறிஞ்ச விடாதீர்கள். இல்லாத கிருமியும் உள்ளே போகும். கிருமி ஏற்கெனவே இருந்தால், மாத்திரையில் தீராது, பெரும்பாலும் கருவி, ஒயர் இரண்டையும் எடுத்தாக வேண்டும். வைத்த மருத்துவமனைக்கே போங்கள்.

பேட்டரி ரகத்தைப் பொறுத்து பத்தாண்டு அளவுக்கு வரும். திடீரென்று நிற்காது, மாதக்கணக்கில் முன்பே செக்கப்பில் தெரிந்துவிடும். செக்கப்புக்குப் போனால்தான்.

அதிர்ச்சி கொடுத்து உயிரைக் காக்கும் ஐ.சி.டி. கருவி வைத்தவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு தடவை அடித்து உடம்பு நன்றாக இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டு தடவை அடித்தாலோ, அடித்த பிறகு மயக்கமாக இருந்தாலோ 108. அடிக்கும்போது தொட்டவருக்கு லேசாகச் சுருக்கென்று இருக்கலாம், அவ்வளவுதான். எனவே விழுந்தவரைத் தொடாமல் சுற்றி நிற்க வேண்டியதில்லை.

எந்தக் கருவியானாலும் அதோடு தந்த அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். பீரோவில் பூட்டி வைத்த அட்டை அவசரத்துக்கு உதவாது.

வீட்டில் யாரும் பேச விரும்பாத ஒன்றும் உண்டு. பேஸ்மேக்கரோடு ஒருவர் இறந்தால், எரியூட்டுவதற்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும். சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும், மயான உலையும் பணியாளரும் சேதப்படுவார்கள். மருத்துவமனையில் இறந்தால் உடலை வாங்கும்போதே கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் இறந்தால் மருத்துவரைக் கூப்பிட்டு எடுக்கலாம், சின்ன வேலைதான். ஐ.சி.டி. என்றால் முதலில் அதைச் செயலிழக்கச் செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுப்பவருக்கு அடிக்கும். புதைப்பதானால் அப்படியே விட்டுவிடலாம்.